வேலை கிடைத்த பிறகு எப்படிப் படிப்பது? சொந்தமாகக் கோடிங் கற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.காம். முடித்துவிட்டுத் தென்காசியில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்துகொண்டிருந்தேன். கடைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று முதலாளி சொன்னதில் எச்டிஎம்எல் ஆரம்பித்தது. அப்புறம் பிஎச்பி, மைசீக்வல், ஜாவாஸ்கிரிப்ட். இரண்டு வருடம் ராத்திரி உட்கார்ந்து கற்றுக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன். பத்து வருடம் ஆகிவிட்டது. எனக்குப் பின்னால் டீமுக்கு வந்தவர்களில் என்னைப் போல வேறு படிப்பு படித்துவிட்டு வந்தவர்கள் நிறைய. ஆறு மாதம் கழிந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "அண்ணா, அடுத்து என்ன படிக்கிறது?"

வேலை கிடைக்கிற வரை இந்தக் கேள்வி வராது. இன்டர்வியூவில் கேட்பதைப் படித்தால் போதும். வேலை கிடைத்த பிறகு அந்த இலக்கு போய்விடுகிறது. கல்லூரியில் கணினி படித்தவனுக்கு நான்கு வருடப் பாடத்திட்டத்தை யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்; நமக்கு அப்படி யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. அதனால் சிலர் படிப்பதையே விட்டுவிடுகிறார்கள். சிலர் வாரம் ஒரு கோர்ஸ் ஆரம்பித்து எதையும் முடிக்காமல் விடுகிறார்கள். நான் இரண்டாவது வகையில் ஒன்றரை வருடம் ஓட்டினேன். அந்தக் காலத்தில் ஆரம்பித்த கோர்ஸ்களில் எதுவும் இப்போது நினைவில் இல்லை.

அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பதை அன்றாட வேலையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து வைக்க ஒரு வழக்கம் வேண்டும். எனக்குப் பலன் கொடுத்த வழக்கத்தைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு நோட்டு வாங்குங்கள்

போன் ஆப் வேண்டாம். சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைக்கிற மாதிரி சின்னக் காகித நோட்டு. காலை ஸ்டேண்டப் மீட்டிங்கில், கோட் ரிவ்யூவில், பக்கத்து சீட்டு ஆள் போனில் பேசும்போது, உங்களுக்குப் புரியாத ஒரு சொல் காதில் விழுந்தால் தேதியோடு எழுதுங்கள். "இண்டெக்ஸ் போடலையா?", "சிஓஆர்எஸ் எர்ரர்", "ரேஸ் கண்டிஷன் மாதிரி இருக்கு". காதில் விழுந்தது விழுந்தபடியே எழுதினால் போதும். அப்போதே தேட வேண்டாம், வேலை கெடும்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நோட்டைப் புரட்டுங்கள். ஒரே ஒரு தடவை வந்த சொல்லை விட்டுவிடுங்கள். மூன்று தடவை வந்தது எதுவோ அதுதான் அடுத்த வாரப் பாடம். என் முதல் நோட்டில் "இண்டெக்ஸ்" (டேட்டாபேஸில் வேகமாகத் தேட உதவும் அமைப்பு) ஒரே மாதத்தில் ஐந்து தடவை இருந்தது. ஆனால் நான் அந்த மாதம் முழுவதும் மொபைல் ஆப் செய்வது எப்படி என்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன், கம்பெனியில் மொபைல் ஆப் வேலையே கிடையாது. நோட்டைப் பார்த்த பிறகுதான் அந்த விலகல் கண்ணில் பட்டது.

இரண்டாம் படி: நிற்பது எது, போவது எது

இந்தத் துறையில் எல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடும் என்று பயமுறுத்துவார்கள். மாறுவது மேல்பரப்பு.

வெப் பக்கம் எழுத உதவும் ஏங்குலர்ஜேஎஸ் என்ற ஃப்ரேம்வொர்க் (ஆயத்தக் கட்டமைப்பு) 2010இல் வந்தது. 2016இல் ஏங்குலர் 2 என்ற பெயரில் முற்றிலும் வேறாக எழுதப்பட்டது. பழையதில் எழுதியதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. பழைய ஏங்குலர்ஜேஎஸ்-க்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. அதே வகை வேலைக்கான ரியாக்ட் 2013இல் வெளியானது, 2019இல் ஹுக்ஸ் என்ற புது வசதி வந்ததும் அதை எழுதும் விதமே மாறியது. வெப்பில் அனிமேஷன் ஓட்டிய ஃபிளாஷ் கற்று வாழ்க்கை நடத்தியவர்கள் உண்டு. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி அதை நிறுத்திவிட்டது.

இன்னொரு பக்கம் பாருங்கள். டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் எஸ்கியூஎல் மொழியின் முதல் வடிவத்தை ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்டார்கள். இன்று காலை நீங்கள் எழுதிய செலக்ட் வரி அதன் நேர் வாரிசு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் ஆரம்பித்த, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்தான் இன்றும் ஏறக்குறைய எல்லா அலுவலகத்திலும். கோப்புக்குள் வார்த்தை தேடும் கிரெப் கட்டளை 1970களில் யூனிக்ஸில் பிறந்தது.

ஆகவே படிக்கிற நேரத்தை மூன்றாகப் பிரித்தால் இரண்டு பங்கு நிற்பவற்றுக்குப் போகட்டும்: எஸ்கியூஎல், எச்டிடிபி (பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) எப்படி வேலை செய்கிறது, கிட், கமாண்ட் லைன், பிறகு நீங்கள் வேலை செய்யும் மொழியின் அடிப்படை. ஒரு பங்கு, கம்பெனியில் இன்று ஓடுகிற ஃப்ரேம்வொர்க்குக்கு. கம்பெனியில் இல்லாத புது ஃப்ரேம்வொர்க்குக்கு முதல் இரண்டு வருடம் நேரமே ஒதுக்காதீர்கள் என்பேன். வேலை தேடும் சூழ்நிலை வந்தால் மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். ரியாக்ட் தெரிந்தவரிடம் ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படை உறுதியாக இருந்தால், வியூ என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க் கற்றுக்கொள்ள சில வாரம் போதும்.

மூன்றாம் படி: ஒவ்வொரு பக்கிலும் (நிரல் பிழையிலும்) ஓர் அடுக்கு கீழே இறங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஜவுளிக்கடைக்கு உறுப்பினர் அட்டை அச்சிடும் நிரல் எழுதினோம். அட்டையில் இடம் குறைவு, பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். முதல் பத்து எழுத்தை வெட்டி எடுக்கும் ஒரு வரி எழுதினேன். ஆங்கிலப் பெயர்களில் சரியாக வந்தது. ஒரு வாரம் கழித்துக் கடையிலிருந்து போன். ஒரு பெரியவர் அட்டையைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்துவிட்டுக் கேட்டாராம்: "தம்பி, எங்கப்பா பேருல கடைசிப் புள்ளியைக் காணோமே?"

அட்டையில் "கோமதிநாயகம" என்று அச்சாகியிருந்தது.

கோ, ம, தி, நா, ய, க, ம். விரல்விட்டு எண்ணினால் ஏழு எழுத்து. அனுமதி பத்து. அப்படியிருந்தும் புள்ளி போயிருக்கிறது. அவசரத்தில் பத்தை இருபதாக மாற்றினேன், சரியாகிவிட்டது, டிக்கெட்டை (புகார்ப் பதிவை) மூடினேன். எல்லோரும் நிறுத்துகிற இடம் இதுதான். அன்று சாயங்காலம் ஏனோ மனசு ஒப்பவில்லை. ஏழு எழுத்து எப்படிப் பத்தைத் தாண்டியது என்று உட்கார்ந்து பார்த்தேன்.

பிஎச்பியில் ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்க மூன்று வழி உண்டு. அந்தப் பெயரைக் கொடுத்து மூன்றிலும் கேட்டேன். முதலாவது 33 என்றது. இரண்டாவது 11 என்றது. மூன்றாவதுதான் 7 என்றது. ஒரே பெயர், மூன்று விடை, மூன்றும் சரி.

பதினொன்று எப்படி வந்தது? எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் "கோ" என்பது க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. "தி" இரண்டு, "நா" இரண்டு, "ம்" என்பதில் ம ஒன்று, புள்ளி ஒன்று. ம, ய, க மூன்றும் ஒவ்வொன்று. கூட்டினால் பதினொன்று. பதினொன்றாவது இடத்தில் இருந்தது புள்ளி, பத்தோடு வெட்டியதில் அது மட்டும் விழுந்துவிட்டது. பெரியவரின் கண் சரியாக அதைப் பிடித்திருக்கிறது.

முப்பத்து மூன்று? அது இன்னும் ஓர் அடுக்கு கீழே. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பதினொன்றை மூன்றால் பெருக்கினால் கணக்கு சரி.

அன்று இரண்டு மணி நேரம் செலவானது. அது எனக்கு என்ன கொடுத்தது என்று சொல்கிறேன். ஆறு மாதம் கழித்து அதே கடைக்காரர் பண்டிகை வாழ்த்தைத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் யூனிகோடு என்பதால் 70 குறிதான், அதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் கட்டணம். கோமதிநாயகம் என்ற பெயர் மட்டுமே எழுபதில் பதினொன்றைத் தின்றுவிடும். இதை மீட்டிங்கில் நான் சொன்னபோது, வாசகத்தைச் சுருக்கி எழுதிக் கொடுத்தார்கள். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை, அந்தப் புள்ளி சொல்லித் தந்தது.

அடுத்த வருடம் இன்னொன்று. பழைய வாடிக்கையாளர் பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டபோது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த "கோமதி" இரண்டு தனி ஆட்களாக வந்தது. இந்தத் தடவை எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். நீளத்தைக் கேட்டேன்: ஒன்று 5, இன்னொன்று 6. பழைய பட்டியல் டிடிபி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. அதில் "கோ" என்பது க, ஏகாரக் குறி, கால் என்று மூன்று துண்டாக இருந்தது. யூனிகோடு இரண்டையும் சமம் என்றே வைத்திருக்கிறது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டியது நம் பொறுப்பு, அதற்கு நார்மலைஸ் என்ற வசதி பெரும்பாலான நிரல் மொழிகளில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் முடிந்த வேலை.

ஒவ்வொரு பக்குக்கும் இரண்டு மணி நேரம் யாராலும் ஒதுக்க முடியாது. வாரத்துக்கு ஒன்று போதும். சரிசெய்த பிறகு "இது ஏன் சரியாச்சு?" என்று உங்களையே கேளுங்கள். பதில் சொல்ல முடியாத பக் எதுவோ அதுதான் அந்த வாரம் இறங்க வேண்டிய கிணறு. ஓர் அடுக்கு போதும், சில சமயம் இரண்டு. மின்சாரம் வரை போக வேண்டியதில்லை.

நான்காம் படி: நேரம்

தினமும் மூன்று மணி நேரம் படிப்பேன் என்று சபதம் எடுக்காதீர்கள், இரண்டாவது வாரமே உடையும். வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால், ரிலீஸ் வாரம் என்றால் என்ன செய்வீர்கள்? வாரம் நான்கு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். எனக்குக் காலை ஆறு மணி ஒத்துவந்தது. ராத்திரி வேலை முடிந்து வந்து படித்ததில் பாதி தலையில் ஏறவில்லை. குழந்தை உள்ளவர்கள் மதிய உணவு இடைவேளையில் இருபது நிமிடம் எடுத்துப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் என்னைவிட நன்றாகவே கற்றார்கள்.

நேரத்தைவிட முறை முக்கியம். டுடோரியல் வீடியோவை மூன்று மணி நேரம் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மறுநாள் வெற்று ஃபைலைத் திறந்தால் முதல் வரி வராது. இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை மறுபடி மறுபடி வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுவாசிப்புக்காரர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். டுடோரியல் முடிந்த கையோடு நமக்கு வரும் தைரியம் அந்த ஐந்து நிமிடத் தைரியம்தான்.

எனவே இப்படிச் செய்யுங்கள். பதினைந்து நிமிடம் பாருங்கள் அல்லது படியுங்கள். மூடுங்கள். புது ஃபைலில் நீங்களாகவே எழுதுங்கள். மாட்டிக்கொண்டால் உடனே திரும்பிப் போகாமல் ஐந்து நிமிடம் திணறுங்கள், அப்புறம் திறந்து பாருங்கள். மூன்று நாள் கழித்து அதே ஃபைலை அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: மற்றவர் எழுதியதை வாசியுங்கள்

எர்ரரிலிருந்து தொடங்குங்கள். சிவப்பாகத் திரை நிறைய வந்தால் பதறி மேலே உள்ள ஒரு வரியை மட்டும் காப்பி செய்து தேடுவது எல்லோரும் செய்வது. பைத்தானில் உண்மையான காரணம் கடைசி வரியில் இருக்கும். அங்கிருந்து மேல்நோக்கிப் போய், நீங்கள் எழுதிய ஃபைலின் பெயர் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஜாவாவில் "காஸ்டு பை" என்று தொடங்கும் வரிகளில் கடைசியானதைத் தேடுங்கள். முழு எர்ரரையும் ஒரு தடவை வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன், புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம். பாதித் தடவை வாசித்து முடிக்கும் முன்பே "ஓ" என்பார்கள்.

அடுத்தது உங்கள் கம்பெனியின் பழைய கோட். ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது என்று புரியவில்லையா? கிட் பிளேம் போட்டால் அந்த வரியைக் கடைசியாக யார், எந்த நாளில், எந்தக் கமிட்டில் (பதிந்த மாற்றத்தில்) தொட்டார்கள் என்று காட்டும். அந்தக் கமிட்டின் செய்தியையும், அதோடு மாறிய மற்ற ஃபைல்களையும் பாருங்கள். விநோதமாகத் தெரிந்த வரிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வாடிக்கையாளரின் புகார் இருக்கும். அவசரப்பட்டு அதை அழித்துவிட்டு, அந்தப் புகாரை மறுபடி வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

பிறகு, நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரியின் (பிறர் எழுதி வைத்த ஆயத்தக் கோடின்) உள்ளே போய்ப் பாருங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். உலகம் முழுக்கப் பல பெரிய புராஜெக்ட்டுகளின் பில்ட் (கோடை ஓடும் நிரலாகக் கட்டும் வேலை) உடைந்தது. அந்த லைப்ரரி மொத்தம் 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளி நிரப்புவதுதான் அதன் வேலை. நாம் மாயம் என்று நினைப்பதில் பல, நாமே எழுதக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. சின்ன லைப்ரரி ஒன்றை எடுத்து ஒரு சனிக்கிழமை முழுசாக வாசியுங்கள்.

ரிலீஸ் குறிப்புகளையும் வாசிக்கப் பழகுங்கள், இதற்கு மாதம் ஒரு மணி நேரம் போதும். 2.4.1 போன்ற எண்ணில் முதல் எண் மாறினால் பழைய கோட் உடையலாம். நடு எண் மாறினால் புது வசதி. கடைசி எண் திருத்தம். எல்லா லைப்ரரியும் இதை ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை, ஆனாலும் எதை முதலில் வாசிக்க வேண்டும் என்று காட்டும். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1. பதினோரு வருடம் அவகாசம் இருந்தும் கடைசி மாதத்தில் ஓடியவர்கள் உண்டு.

ஆங்கிலம்

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் பலர் இதை வெளியே சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அந்த ஆங்கிலம் கதைப் புத்தக ஆங்கிலம் இல்லை. வாக்கியம் சின்னது, சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வெப் வேலை செய்பவர்கள் எம்டிஎன் (வெப் நுட்பங்களை விளக்கும் தளம்) ஆவணத்தில் நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பக்கத்திலுள்ள எடுத்துக்காட்டை ஓட்டிப் பாருங்கள், பிறகு விளக்கத்தை வாசியுங்கள். கோட் ஏற்கெனவே புரிந்திருப்பதால் வாக்கியம் தானாகப் புரியும். மூன்று மாதத்தில் வேகம் வந்துவிடும்.

கருத்து முதலில் தமிழில் புரிய வேண்டும் என்றால் அதில் எந்தக் குறையும் இல்லை. கணியம் என்ற இணைய இதழ் 2012இலிருந்து லினக்ஸ், டேட்டாபேஸ், நிரலாக்கம் என்று எளிய தமிழில் எழுதி, மின்னூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழில் புரிந்துகொண்டு ஆங்கில ஆவணத்துக்குப் போவது நேர் வழியைவிட வேகமானது என்பது என் அனுபவம்.

ஆறாம் படி: கல்லூரியில் விட்டதைப் பிடிப்பது

முதல் வருடம் இதைத் தொட வேண்டாம். இரண்டாம் வருடத்திலிருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு பாடம்: தரவுக் கட்டமைப்பு, நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் உள்ளே எப்படி வேலை செய்கிறது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். ஹார்வர்டின் சிஎஸ்50 வகுப்பும் இலவசம்தான், அதிலுள்ள பயிற்சிகளைச் செய்யாமல் வீடியோ மட்டும் பார்த்தால் பலன் கிடையாது.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்பவர்களுக்கு ஒன்று காட்டுகிறேன். மேலே சொன்ன இரண்டு பட்டியல் ஒப்பீட்டை நான் முதலில் லூப்புக்குள் லூப் போட்டு எழுதினேன். பழைய பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் புதுப் பட்டியல் முழுவதையும் தேடுவது. பட்டியலுக்கு 1,000 பெயர் என்றால் 10 லட்சம் ஒப்பீடு, கண் இமைப்பதற்குள் முடிந்தது. கடையின் உண்மையான பட்டியலில் ஒவ்வொன்றிலும் 10,000 பெயர். 10 கோடி ஒப்பீடு. சர்வர் திணறியது. பட்டியல் பத்து மடங்கு, வேலை நூறு மடங்கு. புதுப் பட்டியலை முதலில் ஒரு ஹேஷ் டேபிளில் (பெயரைக் கொடுத்தால் நேராக அதன் இடத்தைக் காட்டும் அமைப்பில்) போட்டுவைத்து, பழைய பெயரை அதில் தேடினால் மொத்தம் சுமார் 20,000 படிகள். இதைத் தரவுக் கட்டமைப்புப் பாடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். எனக்கு அது தெரிய நான்கு வருடம் ஆனது.

ஏஐ-யிடம் கேட்பது பற்றி

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. அதன் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்கு அது இல்லாத காலமே தெரியாது. பயன்படுத்த வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். கற்கும் காலத்தில் இரண்டு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் முன் உங்கள் ஊகத்தை நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: "பெயர் வெட்டுப்படக் காரணம் டேட்டாபேஸ் நெடுவரிசையின் அளவு என்று நினைக்கிறேன்." பிறகு கேளுங்கள். ஊகம் தவறாகப் போகும்போதுதான் பாடம் பதியும், ஊகமே இல்லாவிட்டால் தவறவும் வழியில்லை. இரண்டாவது, பக்கத்து சீட்டு ஆளிடம் விளக்கிச் சொல்ல முடியாத ஒரு வரியையும் கமிட் செய்யாதீர்கள். அது கொடுக்கும் விடை தன்னம்பிக்கையோடு தவறாகவும் இருக்கும். லைப்ரரியில் இல்லாத ஒரு ஃபங்ஷனை இருப்பதாகச் சொல்லும். ஆவணத்தைத் திறந்து சரிபார்க்கும் பழக்கம் இருந்தால் அது நல்ல துணை.

ஆட்கள் வேண்டும்

தனியாகக் கற்றவனுக்கு வரும் பெரிய சங்கடம், தான் கற்றது சரியா என்று தெரியாமல் இருப்பது. டீமில் அனுபவமுள்ள ஒருவரிடம், "அண்ணா, இந்தப் புல் ரிக்வெஸ்ட்டை நீங்க எழுதியிருந்தா எப்படி எழுதியிருப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள் (புல் ரிக்வெஸ்ட் என்பது நம் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்டு அனுப்புவது). "சரியா இருக்கா?" என்று கேட்டால் "சரி" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். நான் முதலில் சொன்ன மாதிரிக் கேட்டு, ஒரு மதியத்தில் கற்றது ஒரு கோர்ஸுக்குச் சமம்.

வாரம் ஒரு தடவை யாருக்காவது ஒன்றைத் தமிழில் விளக்குங்கள், டீமில் புதிதாக வந்த ஒருவருக்கு, இல்லாவிட்டால் வீட்டில் கல்லூரி படிக்கும் தங்கைக்கு. "அது வந்து..." என்று எந்த இடத்தில் இழுக்கிறீர்களோ அந்த இடம் உங்களுக்கே இன்னும் புரியவில்லை. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் லினக்ஸ், பைத்தான் ஆர்வலர்களின் சந்திப்புகள் நடக்கும். முதல் தடவை பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாலே போதும்.

ஆறு மாதக் கணக்கு

ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் ஒரு சனிக்கிழமை காலையை எடுத்துவையுங்கள். ஆறு மாதத்துக்கு முன் நீங்கள் எழுதிய ஒரு ஃபைலைத் திறந்து, இப்போது எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று பென்சிலில் குறியுங்கள். மாற்ற எதுவுமே தோன்றாவிட்டால் அந்த ஆறு மாதம் படிப்பு நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வேலையும் ஒரே மாதிரி ஆகிவிட்டதா என்று பாருங்கள். அப்படி ஆகியிருந்தால், வேறு வகை டிக்கெட் ஒன்று கொடுங்கள் என்று டீம் லீடிடம் நேராகவே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

பிறகு நோட்டை எடுத்து, கற்று முடித்த சொற்களை அடித்துவிடுங்கள். ஆறு மாதம் ஆகியும் அடிக்காமல் இருப்பதில் மூன்றை மட்டும் புது நோட்டின் முதல் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள், மீதியை விடுங்கள். போன ஜூனில் நான் கொண்டுபோன மூன்றில் முதலாவது "டிஎன்எஸ் கேஷ்" (தளத்தின் பெயருக்கான முகவரியைக் கொஞ்ச காலம் சேமித்து வைப்பது). ஒரு வாடிக்கையாளரின் சர்வரை மாற்றிய அன்று பாதிப் பேருக்குப் பழைய தளமும் பாதிப் பேருக்குப் புதியதும் தெரிந்தது. ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஏன் சரியாக ஒரு நாள் என்று எனக்கு அன்று சொல்லத் தெரியவில்லை. இந்தச் சனிக்கிழமை அதைத்தான் எடுத்து உட்காரப் போகிறேன்.